கார்ட்டிசால் கூடினால்... குஷிங் நோயை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

உடம்பு போடுகிறது. முகம் வட்டமாகிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது. தூக்கம் வருவதில்லை, மனசும் சரியில்லை. இந்தப் பட்டியலைப் படிக்கும் எவருக்கும் "இதெல்லாம் யாருக்குத்தான் இல்லை?" என்றுதான் தோன்றும்.

குஷிங் நோயின் முதல் சிக்கலே அதுதான். அதன் அறிகுறிகளைத் தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே ஊரில் பாதிப் பேருக்கு இருப்பவை. ஆனால் உடலே கார்ட்டிசாலை அதிகமாகச் சுரப்பதால் வரும் இந்த நோய், ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருசிலருக்கு மட்டுமே வருகிறது. அந்த ஒருசிலரைக் கூட்டத்திலிருந்து எப்படிப் பிரித்தெடுப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி மருத்துவர்கள் நூறு ஆண்டுகளாக உழைத்திருக்கிறார்கள். இன்று ஒருவருக்கு எழுதித் தரப்படும் ஒவ்வொரு பரிசோதனைக்குப் பின்னாலும் ஒரு பழைய தோல்வி இருக்கிறது. அந்தக் கதைதான் இது.

முதலில், கார்ட்டிசால் என்றால் என்ன?

இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி வைத்தது போல அட்ரீனல் என்ற சுரப்பி இருக்கிறது. அதன் வெளிப்பகுதி சுரக்கும் ஹார்மோன் கார்ட்டிசால். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடாமல் காப்பது, ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது, வீக்கத்தை அடக்குவது, காய்ச்சல், அடி, அதிர்ச்சி போன்ற நெருக்கடிகளைச் சமாளிக்க உடம்பைத் தயார் செய்வது எல்லாம் இதன் வேலை. கார்ட்டிசால் அறவே இல்லாவிட்டால் மனிதன் உயிர் வாழ முடியாது.

ஆனால் அட்ரீனல் தானாக முடிவெடுப்பதில்லை. மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி, ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் மூலம் அதற்கு உத்தரவு போடுகிறது. கார்ட்டிசால் போதுமான அளவு வந்ததும், "போதும்" என்ற செய்தி மூளைக்குத் திரும்பிப் போகிறது. உத்தரவு குறைகிறது. மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஏற்பாடு போலத்தான்.

இந்த "போதும்" என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுவதும் அதைச் சுற்றித்தான் நடக்கிறது.

1910: மின்னி ஜி.

1910 டிசம்பர் கடைசியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு 23 வயதுப் பெண் ஒருவர் வந்தார். ரஷ்ய யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மருத்துவ நூல்களில் அவர் பெயர் "மின்னி ஜி." என்று மட்டும் இருக்கிறது. மாதவிடாய் பதின்ம வயதிலேயே நின்றுபோயிருந்தது. வயிறு பெருத்திருந்தது, கை கால்கள் மட்டும் மெலிந்திருந்தன. முகத்தில் முடி வளர்ந்திருந்தது. தோலில் ஊதா நிறக் கோடுகள். தலைவலி, முதுகுவலி, தசைத் தளர்ச்சி வேறு.

அவரைப் பார்த்தவர் ஹார்வி குஷிங் (1869–1939). மூளை அறுவை சிகிச்சையைத் தனித் துறையாக வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர். 1912-ல் அவர் வெளியிட்ட பிட்யூட்டரி பற்றிய நூலில் மின்னி 45-ஆம் நோயாளியாக இடம்பெற்றார்.

இதில் கவனிக்க வேண்டியது குஷிங்கின் நேர்மை. பிட்யூட்டரி அவருடைய சொந்தத் துறை. "காரணம் பிட்யூட்டரிதான்" என்று அடித்துச் சொல்லியிருந்தால் மறுக்க ஆள் இல்லை. அவர் அப்படிச் செய்யவில்லை. பல சுரப்பிகள் ஒன்றாகப் பாதிக்கப்பட்ட நிலை என்ற பொருள்படும் ஒரு பெயரை வைத்துவிட்டு, மூலம் எந்தச் சுரப்பி என்ற கேள்வியைத் திறந்தே விட்டார்.

அந்தக் காலத்தில் அவரிடம் என்ன கருவி இருந்தது? கண், கை, புகைப்படக் கருவி, தெளிவில்லாத ஒரு எக்ஸ்ரே. கார்ட்டிசால் என்ற பொருள் இருப்பதே யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை அளப்பது எப்படி?

1932: பன்னிரண்டு பேர்

அடுத்த இருபது ஆண்டுகளில் மின்னியைப் போன்ற நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் உலகின் பல மூலைகளிலிருந்து வந்தன. 1920-களில் ரஷ்ய நரம்பியல் மருத்துவர் நிக்கோலாய் இட்சென்கோவும் இதே போன்ற நோயாளிகளை விவரித்தார். (ரஷ்யாவில் இன்றும் இதன் பெயர் இட்சென்கோ–குஷிங் நோய்.) இந்தக் குறிப்புகளையும் தன் அனுபவத்தையும் சேர்த்து, 1932-ல் குஷிங் தன் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். மொத்தம் 12 நோயாளிகள். பிட்யூட்டரியில் உள்ள பேசோஃபில் என்ற வகைச் செல்களில் உருவாகும் மிகச் சிறிய கட்டிதான் காரணம் என்றார்.

இந்த முடிவுக்கு அவர் வந்த வழிதான் மனதை உறுத்துகிறது. கட்டியைக் கண்ணால் பார்த்தது பெரும்பாலும் நோயாளி இறந்த பிறகு, பிரேதப் பரிசோதனை மேஜையில். சில கட்டிகள் அவ்வளவு சிறியவை, பிட்யூட்டரியை மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். அதாவது, நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் உயிரோடு இருப்பவரிடம் "உங்களுக்கு இந்த நோய்தான்" என்று உறுதியாகச் சொல்ல வழி கிடைக்கவில்லை.

போதாக்குறைக்கு இன்னொரு குழப்பம். 1934-ல் மேயோ கிளினிக் மருத்துவர்கள், இதே அறிகுறிகள் உள்ள நோயாளிகளின் அட்ரீனல் சுரப்பியில் கோளாறு இருப்பதை விவரித்தார்கள். அப்படியானால் குற்றவாளி யார், பிட்யூட்டரியா, அட்ரீனலா?

இரண்டுமே என்பதுதான் சரியான பதில். உத்தரவு போடும் பிட்யூட்டரி கெட்டுப்போனாலும் நோய் வரும். உத்தரவைப் பொருட்படுத்தாமல் அட்ரீனல் கட்டி தானாகச் சுரந்தாலும் அதே நோய் வரும். அதனால்தான் இன்று, பிட்யூட்டரிக் கட்டியால் வந்தால் "குஷிங் நோய்" என்றும், எந்தக் காரணத்தால் வந்தாலும் பொதுவாக "குஷிங் சிண்ட்ரோம்" என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். உடலுக்குள்ளிருந்தே வரும் வகையில் பெரும்பகுதி பிட்யூட்டரிக் கணக்குதான்.

மருந்து கொடுத்த சாட்சி

1930-களில் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டலும், சுவிட்சர்லாந்தில் ததேயுஸ் ரைக்ஸ்டைனும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து ஸ்டீராய்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள். 1948 செப்டம்பரில் மேயோ கிளினிக்கின் பிலிப் ஹென்ச், அவற்றில் ஒன்றான கார்ட்டிசோனை முடக்குவாதத்தால் படுத்திருந்த ஒரு பெண்ணுக்கு ஊசியாகக் கொடுத்தார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். உலகமே கொண்டாடியது. கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் மூவருக்கும் 1950-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அந்த அதிசய மருந்தை அதிக அளவில், நீண்ட நாள் எடுத்தவர்களின் முகம் நிலவு போல வட்டமானது. வயிறு பெருத்தது. தோல் மெலிந்தது. மருத்துவர்கள் இந்த முகத்தை முன்பே பார்த்திருக்கிறார்கள், குஷிங்கின் புகைப்படங்களில்!

இப்படித்தான் மர்மம் விலகியது. அட்ரீனல் ஸ்டீராய்டை வெளியிலிருந்து அதிகமாகக் கொடுத்தாலே குஷிங் தோற்றம் வருகிறது என்றால், குஷிங் நோயில் உள்ளே மிகையாகச் சுரப்பதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். திட்டமிடாமல் நடந்த இந்தச் சோதனை இன்றும் பயன்படுகிறது. குஷிங் சந்தேகம் வந்தால் மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ஸ்டீராய்டு ஏதாவது எடுக்கிறீர்களா?" மாத்திரை மட்டும் அல்ல, தோல் களிம்பு, ஆஸ்துமா இன்ஹேலர், மூட்டில் போடும் ஊசி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். உலகத்தில் குஷிங் தோற்றத்துக்கு மிகப் பொதுவான காரணம் கட்டி அல்ல, மருந்துதான். (அதற்காக அந்த மருந்தைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. நீண்ட நாள் தூங்கிவிட்ட அட்ரீனல் உடனே விழித்துக்கொள்ளாது. உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.)

அளந்தால் போதுமா?

பொருள் எது என்று தெரிந்துவிட்டது, இனி ரத்தத்தில் அளந்துவிட்டால் முடிந்தது என்றுதான் நினைக்கத் தோன்றும். அங்கேதான் அடுத்த சுவர்.

கார்ட்டிசால் ஒரே அளவில் இருப்பதில்லை. விடியற்காலையில் ஏறி, காலையில் உச்சத்தில் இருக்கிறது. பகல் முழுக்க இறங்கி, நள்ளிரவையொட்டி அடிமட்டத்துக்குப் போகிறது. பயந்தாலும் ஏறும், வலித்தாலும் ஏறும், ஊசியைப் பார்த்தாலே சிலருக்கு ஏறும். ஆகவே நோயே இல்லாத ஒருவரின் காலை அளவும், குஷிங் நோயாளியின் காலை அளவும் ஒன்றாக இருக்கலாம்! ஒரே ஒரு காலை ரத்தப் பரிசோதனையை வைத்து "இருக்கிறது" என்றும் சொல்ல முடியாது, "இல்லை" என்றும் சொல்ல முடியாது.

இதற்குக் கிடைத்த முதல் மாற்று வழி சிறுநீர். ஒரு நாள் முழுக்க, 24 மணி நேரச் சிறுநீரையும் ஒரு கேனில் சேர்த்து அளந்தால், ஏற்ற இறக்கங்கள் எல்லாம் கலந்து ஒரு மொத்தக் கணக்கு கிடைக்கும். 1950-களில் இதை வேதியியல் நிற மாற்றத்தை வைத்து அளந்தார்கள். பிறகு ராசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் உருவாக்கிய ரேடியோ இம்யூனோ அஸ்ஸே என்ற முறை வந்தது. ரத்தத்தில் மிக மிகக் குறைவாக இருக்கும் ஹார்மோன்களைக்கூட அதைக் கொண்டு அளக்க முடிந்தது. (யாலோவுக்கு 1977-ல் நோபல் பரிசு. பெர்சன் 1972-லேயே இறந்துவிட்டார்.)

ஆனால் மொத்தக் கணக்கும் முழு உண்மையைச் சொல்வதில்லை. கடுமையான மனச்சோர்வு, மதுப் பழக்கம், கட்டுக்குள் வராத சர்க்கரை நோய், அதிக உடல் பருமன் இவற்றிலும் கார்ட்டிசால் கூடலாம். எண் கூடியிருக்கிறது, சரி. அது நோயா, நெருக்கடிக்கு உடம்பு காட்டும் பதிலா?

லிடில் கேட்ட கேள்வி

1960-ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் கிராண்ட் லிடில் இந்தப் பிரச்சினையைத் தலைகீழாகத் திருப்பினார். "எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்பதற்குப் பதில், "போதும் என்று சொன்னால் கேட்கிறதா?" என்று கேட்டார்.

அப்போது புதிதாக வந்திருந்த டெக்சாமெத்தசோன் என்ற செயற்கை ஸ்டீராய்டு அதற்குக் கைகொடுத்தது. மிகச் சிறிய அளவே போதும், பிட்யூட்டரி அதைப் பார்த்து "கார்ட்டிசால் நிறைய இருக்கிறது போலும்" என்று ஏமாந்து உத்தரவை நிறுத்திவிடும். அளவு மிகக் குறைவு என்பதால், நோயாளியின் சொந்த ஸ்டீராய்டை அளக்கும்போது இது பெரிதாகக் குறுக்கே வராது. லிடில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 0.5 மில்லிகிராம் வீதம் இரண்டு நாட்கள் கொடுத்துப் பார்த்தார். ஆரோக்கியமானவர்களின் சுரப்பி அடங்கியது. குஷிங் உள்ளவர்களுக்கு அடங்கவில்லை.

அதோடு நிற்கவில்லை. அளவை நான்கு மடங்காக, 2 மில்லிகிராமாக உயர்த்தினார். இப்போது பிட்யூட்டரிக் கட்டி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குச் சுரப்பு ஓரளவு இறங்கியது. அட்ரீனல் கட்டி உள்ளவர்களுக்கு இறங்கவே இல்லை. பிட்யூட்டரிக் கட்டி கொஞ்சம் காது மந்தமான பிள்ளை மாதிரி, உரக்கச் சொன்னால் கேட்கும். அட்ரீனல் கட்டிக்குக் காதே கிடையாது.

ஒரு மாத்திரையை வைத்துக்கொண்டு, உடலைத் திறக்காமலேயே, நோய் இருக்கிறதா என்பதையும் எங்கே இருக்கலாம் என்பதையும் ஊகிக்க முடிந்தது. குஷிங் பிரேதப் பரிசோதனை மேஜையில் தேடிய பதிலின் ஒரு பகுதி, 28 ஆண்டுகள் கழித்து உயிரோடு இருப்பவரிடமிருந்தே கிடைத்தது. இரவு ஒரே ஒரு 1 மில்லிகிராம் மாத்திரை, மறுநாள் காலை ரத்தம் என்ற எளிய வடிவம் 1965-ல் வந்தது. இன்றும் அதுதான் பரவலாகப் பயன்படுகிறது. மறுநாள் காலை கார்ட்டிசால் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்க வேண்டும் என்பது இப்போதைய எல்லை.

ஏன் இவ்வளவு அவசரம்?

1952-ல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, இந்த நோய் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துவிட்டார்கள். இதய நோய், பக்கவாதம், எதிர்ப்பு சக்தி குறைந்து வரும் தொற்று ஆகியவை உயிரைக் குடித்தன. ஆகவே மருத்துவர்கள் கிடைத்த வழியில் இறங்கினார்கள். இரண்டு அட்ரீனல்களையும் அகற்றினார்கள். கார்ட்டிசால் நின்றது, நோயாளி பிழைத்தார், ஆயுள் முழுக்க மாத்திரையோடு. ஆனால் 1958-ல் டான் நெல்சன் வேறொரு விளைவை விவரித்தார். அட்ரீனல்களை எடுத்த பிறகு, "போதும்" என்று சொல்ல ஆளில்லாமல் பிட்யூட்டரிக் கட்டி பெரிதாக வளர்ந்து, தோல் கறுத்துப்போன நிலை அது. இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்காமல் செய்யும் சிகிச்சைக்கு என்ன விலை என்பதை அது காட்டியது.

மூன்றாவது இடமும் ஒன்று உண்டு. நுரையீரலிலோ வேறு எங்கேயோ இருக்கும் கட்டி, பிட்யூட்டரியைப் போல வேடமிட்டு ஏ.சி.டி.எச். சுரக்கலாம். நுரையீரல் புற்றுநோயோடு இப்படிப்பட்ட தோற்றம் வந்த ஒரு பெண்ணைப் பற்றி 1928-லேயே டபிள்யூ.எச். பிரவுன் லான்செட் இதழில் எழுதியிருந்தார். அதன் பொருளை 1960-களில் லிடிலின் குழுதான் விளக்கியது.

கட்டி எங்கே?

1960-களில் மாண்ட்ரியல் நகரின் ஜூல்ஸ் ஹார்டி, அறுவை நுண்ணோக்கியின் உதவியோடு மூக்கின் வழியாகப் போய், நல்ல பிட்யூட்டரியை விட்டுவிட்டுச் சில மில்லிமீட்டர் கட்டியை மட்டும் எடுக்கும் முறையை வளர்த்தார். (அந்த வழியை முன்பு அதிகம் பயன்படுத்திப் பிறகு கைவிட்டவர், வேறு யாருமல்ல, குஷிங்தான்!) அறுக்க வழி வந்துவிட்டதால், எங்கே அறுப்பது என்பது உயிர்க் கேள்வியானது.

எம்.ஆர்.ஐ. வந்ததும் எல்லாம் தீர்ந்துவிடும் என்று பார்த்தால், அதுவும் இரண்டு பக்கமும் ஏமாற்றியது. குஷிங் நோயாளிகள் பலருக்குக் கட்டி மிகச் சிறியதாக இருப்பதால் படத்தில் தெரிவதில்லை. மறுபக்கம், 1994-ல் அமெரிக்காவில் நோயில்லாத 100 பேரைப் படமெடுத்தபோது, 10 பேரின் பிட்யூட்டரியில் கட்டி போன்ற புள்ளி தெரிந்தது. அதாவது, படத்தில் புள்ளி தெரிந்தாலே நோய் என்றும் சொல்ல முடியாது, தெரியாவிட்டால் நோய் இல்லை என்றும் சொல்ல முடியாது. முதலில் ஹார்மோன் பரிசோதனை, பிறகுதான் படம் என்ற வரிசை இதனால்தான் வந்தது.

படம் கைவிட்ட இடத்தில் ரத்தக் குழாய் உதவியது. தொடைச் சிரை வழியாக மெல்லிய குழாய்களைச் செலுத்தி, பிட்யூட்டரியிலிருந்து ரத்தம் வடியும் இரு பக்கச் சிரைகளிலும் நேரடியாக ரத்தம் எடுத்து, கையில் எடுத்த ரத்தத்தோடு ஒப்பிடுவார்கள். அங்கே ஏ.சி.டி.எச். பல மடங்கு அதிகமாக இருந்தால் மூலம் பிட்யூட்டரிதான். எட்வர்ட் ஓல்ட்ஃபீல்டும் அவர் குழுவினரும் 1991-ல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதியாக நிலைநிறுத்தியது.

இன்றைய வரிசை

2008-ல் வந்த அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கத்தின் வழிகாட்டி, முதல் கட்டப் பரிசோதனைகளாகச் சொல்பவை: 24 மணி நேரச் சிறுநீர், டெக்சாமெத்தசோன் மாத்திரை, நள்ளிரவு எச்சில். சிறுநீரையும் எச்சிலையும் குறைந்தது இரண்டு முறை பார்க்க வேண்டும்.

எச்சில் பரிசோதனை 1990-களின் இறுதியில் பிரபலமானது. முன்பு நள்ளிரவு அளவைப் பார்க்க வேண்டுமானால் மருத்துவமனையில் சேர்ந்து, தூங்கும்போது ரத்தம் எடுக்க வேண்டும். இப்போது வீட்டிலேயே இரவு 11 மணிக்கு மேல் ஒரு பஞ்சுச் சுருளை வாயில் வைத்து நனைத்துக் குப்பியில் போட்டால் முடிந்தது. ஆரோக்கியமான உடம்பு அந்த நேரத்தில் அடங்கிக் கிடக்கும். குஷிங் உடம்புக்கு இரவே கிடையாது.

இதிலும் கவனம் தேவை. கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு டெக்சாமெத்தசோன் பரிசோதனை பொய்யாக நோய் காட்டலாம். இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு நள்ளிரவு எச்சில் பொருந்தாது. சிலருக்கு நோய் கொஞ்ச நாள் கூடி, கொஞ்ச நாள் அடங்கி வரும். அப்போது எடுத்த பரிசோதனையையே மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும்.

மின்னிக்கு என்ன ஆயிற்று?

குஷிங் 1939-ல் இறந்தார். மின்னி அவரையும் தாண்டி வாழ்ந்து, 1958-ல் தன் 71-ஆம் வயதில் இறந்தார் என்று பிற்காலத்தில் தேடிக் கண்டுபிடித்தார்கள். அவருக்கு வந்த நோயின் மூலம் எது என்பது கடைசி வரை நிரூபிக்கப்படவில்லை. ஒரு நோய்க்கே அடையாளமாகிவிட்ட முதல் நோயாளிக்கு முழுமையான நோயறிதல் கிடைக்கவே இல்லை!

இன்றும் இந்த நோய்க்குப் பெயர் கிடைக்கச் சராசரியாக மூன்று ஆண்டுகள் ஆகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. அந்த மூன்று ஆண்டுகளில் "சாப்பாட்டைக் குறையுங்கள்", "நடங்கள்", "கவலைப்படாதீர்கள்" என்ற அறிவுரைகள்தான் அதிகம் கிடைக்கும். குண்டாக இருக்கும் எல்லோருக்கும் குஷிங் இருக்கிறது என்பதல்ல இதன் பொருள். பெரும்பாலானவர்களுக்கு இல்லை. ஆனால் அகலமான ஊதாக் கோடுகள், லேசாக இடித்தாலே கன்றிப்போகும் தோல், மாடிப்படி ஏற முடியாத தொடைத் தளர்ச்சி, சின்ன வயதிலேயே எலும்பு முறிவு, உயரம் கூடாமல் எடை மட்டும் கூடும் குழந்தை, இவை சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

ஒரு முறைக்கு இரண்டு முறை சிறுநீர்க் கேனையும் எச்சில் குப்பியையும் கொடுத்து அனுப்பினால், மருத்துவருக்குத் தெளிவில்லை என்று அலுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கார்ட்டிசால் எல்லோரிடமும் இருக்கும் பொருள். அது இருப்பது நோயல்ல, சில நேரம் கூடுவதும் நோயல்ல. அடங்க வேண்டிய நேரத்தில் அடங்காததுதான் நோய். அதைப் பிடிக்க ஒரே ஒரு எண் போதாது என்பதைக் கற்றுக்கொள்ளவே மருத்துவத்துக்கு அத்தனை ஆண்டுகள் ஆயின.